ஜூன் விடுமுறைக்கு நார்வேயா, மங்கோலியாவா?

ஜூன் பள்ளி விடுமுறையில் எங்கள் வீட்டிலிருந்து நால்வர் பயணம் செய்யவிருக்கிறோம்: நான், என் கணவர், உயர்நிலை மூன்றில் புவியியல் பயிலும் எங்கள் மகள், எழுபத்து நான்கு வயதான என் அத்தை. என் கணவரைப் பெற்றவரைத்தான் அத்தை என்கிறேன். ராமநாதபுரத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்து, திருமணமாகி இந்தத் தீவுக்கு வந்தவர் அவர். பல ஆண்டுகளாகச் சேர்த்த பணத்தில் ஒரே ஒரு நெடும்பயணம்தான் இயலும் என்பதால், சிங்கப்பூரில் காணவே முடியாத நிலத்தையும் வானத்தையும் கொண்ட நாடாக அது இருக்க வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்தோம். நீண்ட பேச்சுக்குப் பிறகு நார்வே, மங்கோலியா என்ற இரண்டு பெயர்கள் எஞ்சின. அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சில வாரங்கள் பிடித்தன. அந்த ஆய்வில் நாங்கள் அறிந்தவற்றை, இதே போன்ற தெரிவை எதிர்நோக்கும் பிற குடும்பங்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

தொடக்கத்தில் நாங்கள் செய்த பிழை, இரண்டையும் "குளிர்நாடுகள்" என்று ஒரே கூடையில் போட்டதுதான். விசாரிக்கச் சென்ற பயண முகவரும் ஜூன் என்றால் இரண்டிலுமே கோடை, பெரிய வேறுபாடில்லை என்றார். வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை மகளின் நிலப்படப் புத்தகமே காட்டிக்கொடுத்தது. நார்வேயின் மேற்குக் கரையிலுள்ள பெர்கன் நகரம் ஏறத்தாழ 60 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. மங்கோலியாவின் தலைநகரான உலான்பாத்தர் 48 டிகிரிக்குச் சற்றே கீழே, பாரிசைவிடவும் தெற்கில் இருக்கிறது. வடக்கே போகப் போகக் குளிர் மிகும் என்ற பள்ளிப் பாடத்தின்படி பெர்கன்தான் உறைந்து கிடக்க வேண்டும். ஆனால் பெர்கனில் ஜனவரி மாதச் சராசரி வெப்பநிலை உறைநிலைக்குச் சற்று மேலேயே நிற்க, உலான்பாத்தரில் அது மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஆண்டுச் சராசரியைக் கொண்டு பார்த்தால் உலகத் தலைநகரங்களிலேயே மிகக் குளிரானது உலான்பாத்தர்தான்.

இந்தத் தலைகீழ் நிலைக்குக் காரணம் கடல். நீர் மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறும். நிலம் விரைவில் சூடேறி விரைவில் ஆறும். நார்வே முழுவதும் கடலின் மடியில் கிடக்கும் நாடு. வெப்பக் கடல்களிலிருந்து வரும் வட அட்லாண்டிக் நீரோட்டம் அதன் கரையை ஒட்டி வடக்கே செல்ல, மேற்கிலிருந்து வீசும் காற்று அந்த வெப்பத்தை நிலத்துக்குள் கொண்டுவருகிறது. அதனால் ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலேயுள்ள நார்வேத் துறைமுகங்கள்கூடக் குளிர்காலத்தில் உறைவதில்லை. மங்கோலியாவுக்கோ கடற்கரையே கிடையாது. உலான்பாத்தரிலிருந்து எந்தத் திசையில் போனாலும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் சென்றால்தான் உப்புக்காற்று முகத்தில் படும். பெர்கனில் மிகக் குளிர்ந்த மாதத்துக்கும் மிக வெப்பமான மாதத்துக்கும் இடையே சராசரி வேறுபாடு 13 டிகிரி அளவில் அடங்கிவிடும். உலான்பாத்தரில் அது 40 டிகிரியை எட்டுகிறது. நம் சிங்கப்பூரில் அந்த வேறுபாடு 2 டிகிரி மட்டுமே. ஆகவே குளிரின் அளவைவிட, கடலுக்கு எவ்வளவு அருகில், எவ்வளவு தொலைவில் என்பதே எங்கள் ஒப்பீட்டின் அளவுகோலாயிற்று.

நார்வேயை முதலில் பார்ப்போம். அதன் கரைக்கோட்டை ஃபியோர்டுகளையும் தீவுகளையும் சேர்த்து அளந்தால் 100,000 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. பனியுகங்களில் நிலத்தை மூடியிருந்த பெரும் பனிப்பாறைகள் பழைய ஆற்றுப் பள்ளத்தாக்குகளை ஆழமாகக் குடைந்தன. பனி உருகிப் பின்வாங்கியபோது அந்தப் பள்ளங்களில் கடல் புகுந்தது. ஃபியோர்டு என்பது இதுதான். மிக நீளமான சோக்னெஃபியோர்டு 205 கிலோமீட்டர் உள்ளே செல்கிறது. துவாஸிலிருந்து சாங்கி வரையுள்ள தொலைவைப் போல நான்கு மடங்கு. அதன் மிக ஆழமான இடம் 1,300 மீட்டர் அளவுக்கு இறங்குகிறது. நம் புக்கிட் தீமாவை ஒன்றன்மேல் ஒன்றாக ஏழு முறை அடுக்கினாலும் நீருக்கு மேலே தலை தெரியாது. கடலோடு சேரும் வாய்ப்பகுதியில் மட்டும் ஆழம் 200 மீட்டருக்கும் குறைந்துவிடுகிறது, ஏனெனில் அங்கே பனிப்பாறை மெலிந்து குடையும் வலுவை இழந்துவிட்டது. கடல் உள்ளே போகப் போக ஆழமாகும் இந்த விந்தையைப் படகிலிருந்தபடியே மகளுக்கு விளக்கலாம் என்ற ஆசை எனக்கு இன்னும் குறையவில்லை.

மழை எங்களுக்கு வியப்பளித்தது. சிங்கப்பூரின் ஆண்டுச் சராசரி மழை 2,113 மில்லிமீட்டர். பெர்கனில் அது 2,200 மில்லிமீட்டரைத் தாண்டுகிறது. ஆனால் இங்கே பிற்பகலில் இடியோடு கொட்டித் தீர்த்துவிட்டு வெயிலடிக்கும் மழை, அங்கே ஆண்டில் 200 நாட்களுக்கு மேல் தூறலாகவும் சாரலாகவும் நீண்டுகொண்டிருக்கும். ஈரக்காற்று கரையிலேயே எழுந்து நிற்கும் மலைகளில் மோதி மேலேறிக் குளிர்வதால் இப்படி நிகழ்கிறது. மலைகளைத் தாண்டிய காற்றில் ஈரம் மிஞ்சுவதில்லை. சோக்னெஃபியோர்டின் உள்முனையிலுள்ள லேர்டாலில் மழை 500 மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்குகிறது. இன்னும் உள்ளே ஷோக் என்ற பகுதியில் ஏறத்தாழ 300 மில்லிமீட்டர்தான் கிடைப்பதால் அங்குள்ள உழவர்கள் பல தலைமுறைகளாக வாய்க்கால் வெட்டிப் பாசனம் செய்து வந்திருக்கிறார்கள். மழை மறைவுப் பகுதி என்று பாடநூலில் ஒரு வரியாக வருவதை ஒரே நாள் பயணத்தில் கண்ணால் காண வேறெங்கும் இவ்வளவு எளிதாக வாய்க்குமா என்று தெரியவில்லை.

அத்தையை நார்வே பக்கம் இழுத்தது கருவாடு. வடக்கேயுள்ள லொஃபோட்டன் தீவுகளில் குளிர்காலத்தின் பிற்பகுதியில் பிடிக்கப்படும் காட் மீனை, உப்பே சேர்க்காமல் மரச்சட்டங்களில் தொங்கவிட்டு மாதக்கணக்கில் காற்றிலேயே உலர்த்துகிறார்கள். வெப்பநிலை உறைநிலையை ஒட்டியே தங்கி நிற்பதால் மீன் அழுகுவதுமில்லை, உறைந்து சிதைவதுமில்லை. உப்பில்லாமல் கருவாடா என்று அத்தை முதலில் நம்பவில்லை. கடல்தான் அங்கே உப்பின் வேலையைச் செய்கிறது என்று மகள் விளக்கிய பிறகு அந்தத் தீவுகளின் படங்களை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் மீன் காய்ந்து தொங்குவது பெரும்பாலும் பிப்ரவரி முதல் மே வரை; ஜூன் விடுமுறையில் போகிறவர்கள் வெறும் சட்டங்களைத்தான் பார்க்க நேரிடும்.

ஜூனில் நார்வே தருவது வெளிச்சம். டிரோம்சோ நகரில் மே 20 அளவில் தொடங்கி ஜூலை 22 வரை சூரியன் மறைவதே இல்லை. ஆண்டு முழுவதும் பகலின் நீளம் பத்து நிமிட அளவுக்குக்கூட மாறாத தீவில் வளர்ந்த பிள்ளைக்கு இதைவிடப் பெரிய வானியல் பாடம் கிடையாது. அதே வெளிச்சம் அத்தைக்கு வேறு விதமாகத் தோன்றியது. அந்தியில் விளக்கேற்றாமல் அவர் இரவு உணவைத் தொடுவதில்லை. "பொழுதே சாயாத ஊரில் எப்போது விளக்கு வைப்பது?" என்று உண்மையான கவலையோடு கேட்டார். கடிகாரத்தைப் பார்த்து வைக்கலாம் என்று என் கணவர் சொன்னது அவருக்கு ஏற்கவில்லை. இதைச் சிறிய காரணம் என்று நான் ஒதுக்கவில்லை. தூக்கமும் உணவும் பொழுதோடு பிணைந்திருக்கும் வயதில், பொழுதில்லாத இடத்தில் இரண்டு வாரம் இருப்பது உடலுக்கும் கடினமே. பெர்கன் போன்ற தெற்குப் பகுதிகளில் சூரியன் மறைந்தாலும் ஜூனில் முழு இருள் வருவதில்லை.

இனி மங்கோலியா. அதன் பரப்பு ஏறக்குறைய 1.56 மில்லியன் சதுர கிலோமீட்டர். அதாவது சிங்கப்பூரைப் போல ஈராயிரம் மடங்குக்கு மேல். அங்கு வாழ்பவர்கள் 3.5 மில்லியன் பேர் அளவில்தான்; நம் தீவின் மக்கள்தொகையைவிட மிகக் குறைவு. நிலத்தின் சராசரி உயரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,580 மீட்டர். இந்தியப் பெருங்கடலின் ஈரத்தை இமயமும் திபெத்தியப் பீடபூமியும் தடுத்துவிடுகின்றன. பசிபிக்கிலிருந்து வரும் ஈரம் சீனாவைக் கடப்பதற்குள் பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. உலான்பாத்தருக்கு ஆண்டில் கிடைப்பது 300 மில்லிமீட்டருக்கும் குறைவான மழை, அதிலும் பெரும்பகுதி ஜூன் முதல் ஆகஸ்ட் வரையுள்ள மூன்று மாதங்களில். ஆண்டில் 250 நாட்களுக்கு மேல் வெயில் இருப்பதால் அந்நாட்டை நீலவான நாடு என்கிறார்கள். வானம் பார்த்த பூமி என்று ராமநாதபுரத்தைச் சொல்வார்களே, அதே சொல்லைத்தான் அத்தை மங்கோலியாவுக்கும் சொன்னார்.

தெற்கேயுள்ள கோபி பாலைவனத்தில் மழை 150 மில்லிமீட்டருக்கும் கீழே போய்விடுகிறது. 1978ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் சிங்கப்பூரில் ஒரே நாளில் 512 மில்லிமீட்டர் மழை பெய்து பல பகுதிகள் மூழ்கின. அந்த வெள்ளம் அத்தைக்கு நன்றாக நினைவிருக்கிறது. கோபிக்கு அது மூன்று ஆண்டுகளுக்கு மேலான மழை. பாலைவனம் என்றதும் மணலை மட்டும் எண்ணியிருந்த எங்களுக்கு, கோபியில் மணல்மேடுகள் சிறு பங்கே என்பதும், பெரும்பகுதி சரளைக்கல்லும் வெறும்பாறையும் குட்டைப்புதரும் நிறைந்த வெட்டவெளி என்பதும் புதிய செய்தி. கொங்கோரின் எல்ஸ் என்ற மணல்மேட்டுத் தொடரும், கோடைத் தொடக்கம்வரை பனிக்கட்டி தங்கியிருக்கும் யோலின் ஆம் என்ற குறுகிய மலையிடுக்கும் ஒரே பாலைவனத்துக்குள் இருக்கின்றன. பயன்சாக் என்ற செம்பாறைச் சரிவில்தான் 1923இல் ராய் சாப்மன் ஆண்ட்ரூஸ் தலைமையிலான அமெரிக்க ஆய்வுக் குழு டைனோசர் முட்டைகளைக் கண்டெடுத்தது. அரிக்கும் காற்றும் அரிதான மழையும் சேர்ந்து பாறையை மெல்ல உரிப்பதாலும், மூடி மறைக்கக் காடு இல்லாததாலும் எலும்புகள் அங்கே தாமாகவே வெளிப்படுகின்றன. நம் பக்கத்து மழைக்காட்டு மண்ணில் அவ்வாறு காண்பது அரிது.

எங்கள் முடிவை மாற்றிய செய்தி ஒன்று இந்தப் பகுதியில்தான் கிடைத்தது. டிசம்பரிலும் ஜனவரியிலும் சில நாட்கள் சிங்கப்பூரில் மழை விடாமல் பெய்யும். மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போர்வையைத் தேடுவோம். தேக்காவில் பொங்கல் சாமான் வாங்கப் போகிறவர்கள் குடையும் கையுமாக நடப்பார்கள். அந்தக் குளிரின் பிறப்பிடம் மங்கோலியாவும் சைபீரியாவும். நீண்ட குளிர்கால இரவுகளில், மேகமில்லாத வானத்தின் கீழ், பனி போர்த்திய நிலம் தன் வெப்பத்தையெல்லாம் விண்ணுக்கு இழந்துவிடுகிறது. அதன் மேலுள்ள காற்று குளிர்ந்து, அடர்ந்து, கனத்துத் தங்குகிறது. சைபீரிய உயரழுத்தம் என்று இதற்குப் பெயர். கடல் மட்டத்துக்குக் கணக்கிட்ட காற்றழுத்தத்தில் உலகின் மிக உயர்ந்த அளவுகள் தோசொன்செங்கெல் என்ற மங்கோலிய ஊரில் பதிவாகியிருக்கின்றன. அந்தக் கனத்த காற்று அவ்வப்போது தெற்கே வழிந்து, சீனாவைக் கடந்து, தென்சீனக் கடலின் மேல் பாய்ந்து, வழியில் ஈரத்தை அள்ளிக்கொண்டு நம்மிடம் வடகிழக்குப் பருவக்காற்றின் எழுச்சியாக வந்து சேர்கிறது. உலான்பாத்தர் நமக்கு ஏறக்குறைய நேர் வடக்கே, நம்மோடு ஒரே நேர மண்டலத்திலேயே இருக்கிறது என்பதையும் அன்றுதான் கவனித்தோம். ஐம்பதாண்டுகளாக மார்கழியில் தன் முழங்காலைப் பிடித்த குளிர் எந்த ஊரிலிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டதில் அத்தைக்கு இருந்த நிறைவை நான் மறக்க மாட்டேன்.

மங்கோலியாவின் கடுமையை மறைத்துவிட்டு அதைப் பரிந்துரைப்பது நேர்மையாகாது. கோடையில் மழை பொய்த்துப் புல் வளராமல், அடுத்து வரும் குளிர்காலமும் கொடியதாக அமைந்தால் கால்நடைகள் கூட்டங்கூட்டமாக மடிகின்றன. இந்தப் பேரிடரை அவர்கள் ஸுட் என்கிறார்கள். ஆழ்ந்த பனி புல்லை மூடுவது வெள்ளை ஸுட். பனியே விழாமல் குடிக்க நீரின்றிப் போவது கருப்பு ஸுட். உருகி மீண்டும் உறைந்த பனி இரும்புத் தகடாய்ப் புல்லைப் பூட்டிவிடுவது இரும்பு ஸுட். 2009-10 குளிர்காலத்தில் 8 மில்லியனுக்கும் மேற்பட்ட கால்நடைகள் இறந்தன. 2023-24இலும் மில்லியன் கணக்கில் இறந்தன. குதிரை, ஒட்டகம், மாடு, செம்மறியாடு, வெள்ளாடு என்ற ஐந்தையும் நம்பி வாழும் மேய்ச்சல் குடும்பங்களுக்கு இது வாழ்வே சரியும் இழப்பு. வானிலையை வேடிக்கை பார்க்கப் போகிறவர்கள் இதை அறிந்தே போக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அந்த மக்கள் தங்கும் கேர் என்ற வட்டக் கூடாரத்தின் வாசல் எப்போதும் தெற்கு நோக்கியே இருக்கும், ஏனெனில் கொல்லும் காற்று வடக்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் வருகிறது.

காலத் தெரிவில் நார்வே மன்னிக்கும் நாடு, மங்கோலியா மன்னிக்காது. நார்வேக்கு எந்த மாதத்தில் போனாலும் காண ஏதாவது உண்டு, கடல் எப்போதும் ஓரளவு காத்துக்கொள்ளும். மங்கோலியாவில் மார்ச் முதல் மே வரை புழுதிப்புயல். 2021 மார்ச்சில் அங்கே உயிர்களைப் பறித்த புயல் பெய்ஜிங் வானத்தையும் மஞ்சளாக்கியது. குளிர்காலத்தில் உலான்பாத்தரின் பள்ளத்தாக்கில் கனத்த குளிர்காற்று கரிப்புகையை மேலெழ விடாமல் அழுத்தி வைக்கிறது; மூச்சுத் தொல்லை உள்ளவர்கள் நெருங்கவே கூடாது. எஞ்சுவது ஜூன் முதல் செப்டம்பர் தொடக்கம் வரையுள்ள குறுகிய காலம். மங்கோலியர்களின் தேசிய விழாவான நாதம் ஜூலை 11 முதல் நடப்பதால் நம் பள்ளி நாட்காட்டிக்குப் பொருந்தாது. ஜூன் முற்பகுதியில் வடக்கேயுள்ள கொவ்ஸ்கொல் ஏரியில் பனிக்கட்டி மிதந்துகொண்டிருக்கக்கூடும், மேய்ச்சல் நிலமும் இன்னும் பழுப்பாகவே கிடக்கும். பிற்பகுதியில்தான் பசுமை ஏறுகிறது. ஆகவே விடுமுறையின் பின்பாதியே சரி.

வசதியில் நார்வே மிக முன்னே நிற்கிறது. மலையைத் துளைத்து 24.5 கிலோமீட்டர் நீளத்துக்குச் சாலைச் சுரங்கம் அமைத்த நாடு அது. மருத்துவமனையும் நல்ல சாலையும் தொலைவில் இருப்பதில்லை. விலைவாசி மட்டும் நம்மையே திகைக்க வைக்கும். மங்கோலியாவில் தலைநகரைத் தாண்டினால் தொலைவுகள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர், பல இடங்களில் தார்ச்சாலையே இல்லை. பயிர் வளரும் காலம் நூறு நாள் அளவே என்பதால் உணவு பெரும்பாலும் இறைச்சியும் பாலுமாக இருக்கும். மரக்கறி மட்டும் உண்பவர்கள் மிகவும் சிரமப்படுவார்கள். கைக்குழந்தையோ, இதய நோயாளியோ, மரக்கறிக்காரரோ உடன் வருவதானால் நான் தயங்காமல் நார்வேயைத்தான் சொல்வேன்.

எங்கள் வீட்டில் அப்படி யாரும் இல்லை. அத்தை ஆட்டிறைச்சி உண்பவர். முழங்கால் வலி தவிர வேறு குறையில்லை. நான் மங்கோலியா பக்கம் சாய்ந்ததற்குக் காரணம், கடல் ஒரு நிலத்துக்கு என்ன செய்கிறது என்பதைத் தீவில் வாழும் நாம் ஒவ்வொரு நாளும் உடம்பில் உணர்ந்துகொண்டே இருக்கிறோம் என்பதுதான். இரவிலும் இறங்காத வெப்பமும் துணி காயாத ஈரப்பதமும் கடல் தந்தவை. நார்வே அதே பாடத்தை வேறொரு அட்சரேகையில், மிக அழகாகக் கற்பிக்கிறது. கடலே கைவிட்ட நிலம் எப்படியிருக்கும் என்பதை நாம் அறிய வழியே இல்லை. நண்பகலில் 25 டிகிரியும் விடியலுக்கு முன் 5 டிகிரியுமாக ஒரே நாளுக்குள் இரண்டு பருவங்கள் வந்து போகும் இடத்தில் நின்றால்தான் அது விளங்கும். மகளுக்கும் இதே கருத்து. அத்தையிடம் கேட்டபோது, "மழையையும் கடலையும் இங்கே வேண்டிய மட்டும் பார்த்துவிட்டேன். சின்ன வயதில் எங்கள் கண்மாய்க் கரையில் நின்றால் அடிவானம் வரை தெரியும். அப்படி ஒரு வெட்டவெளியை இன்னொரு முறை பார்க்க வேண்டும்" என்றார்.

ஜூன் 14 முதல் 25 வரை என்று நாள் குறித்துவிட்டோம். அத்தையின் முழங்காலைக் கருதி வடக்கேயுள்ள ஏரியைக் கைவிட்டு, உலான்பாத்தரிலிருந்து உள்நாட்டு விமானத்தில் தலன்சத்கத் சென்று கோபியை மட்டும் பார்க்கிறோம். அங்கே அந்த மாதத்தில் சூரியன் இரவு ஒன்பது மணியளவில் மறைகிறது என்று அத்தையிடம் சொல்லியாயிற்று. சிறிய பித்தளை விளக்கு ஒன்றைத் துணியில் சுற்றித் தம் பெட்டியில் ஏற்கெனவே எடுத்து வைத்துவிட்டார்.